கவனமில்லாதவள் என்று வந்த சொல்

என் ரேணுவுக்கு,

விடியற்காலை ஐந்து நாற்பது. அத்தை அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். ஜன்னல் பலகையில், நம் வீட்டில் சிக்னல் வரும் அந்த ஒரே மூலையில், என் ஃபோன் அதிர்ந்தது. முந்தின இரவு நீ கூப்பிடவில்லை. ஓவர்டைம் போட்டிருப்பார்கள் என்று நினைத்துத் தூங்கியிருந்தேன். நீதான் என்று எழுந்து போய் எடுத்தேன். பிரியந்தி. ருமேனியாவில் உன்னோடு ஒரே அறையில் இருந்த உன் பிரியந்தி.

"அய்யே, ரேணு நங்கி நெத்தி வுணா" என்றாள். அண்ணா, ரேணு தங்கச்சி நெத்தி வுணா. சிங்களத்தில் நெத்தி வுணாவுக்குத் தொலைந்து போனாள் என்றும் அர்த்தம் உண்டு, இறந்து போனாள் என்றும் உண்டு. நான் முதல் அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். எங்கே தொலைந்தாள், பஸ் மாறி ஏறிவிட்டாளா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அழுத அழுகையில்தான் இரண்டாவது அர்த்தம் எனக்கு வந்து சேர்ந்தது.

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி ஹட்டன் அச்சகத்துக்கார நானா கேட்டார். நாலு வரியில் நிற்கவில்லை, ரேணு. உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்களும் படிக்கட்டும்.

பிரியந்தி சொன்னது இவ்வளவுதான். அவளுக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ட். வேலை முடிந்து ஃபோனைத் திறந்தால் உங்கள் சூப்பர்வைசர் தொய்னா அம்மாவின் குரல் செய்தி. ருமேனிய மொழியில், அழுதுகொண்டே. பிரியந்திக்கு அந்த மொழி கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் ஃபோனில் போட்டுச் சிங்களத்துக்கு மாற்றிப் பார்த்திருக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் ரேணு "நொசெலகிலிமத் வெலா" என்று வந்திருக்கிறது. கவனமில்லாமல் இருந்துவிட்டாள் என்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று.

அத்தை அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு மாப்ள இந்நேரத்துல?"

உன்னைப் பெற்றவரிடம் அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அத்தை தரையில் உட்கார்ந்தது ஞாபகமிருக்கிறது. "எப்படி?" என்று கேட்டார். "பஸ் ஸ்டாப்புல கவனமில்லாம இருந்துட்டாளாம் அத்தை" என்றேன். எனக்கு வந்ததை அப்படியே தமிழில் கொடுத்தேன். அவ்வளவுதான்.

அது வேலைக்குப் போகும் நேரம் இல்லையா? அத்தையின் சத்தம் கேட்டு லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடையும் கையுமாக நின்றார்கள். பாதிப் பேர் அத்தையோடு உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் பெரட்டுக்குப் போனார்கள், அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி. அவர்களோடு அந்தச் சொல்லும் பெரட்டுக்களத்துக்குப் போனது. மத்தியானத்துக்குள் வட்டவளைக் கடைவீதியில் என்னிடமே ஒருவர் சொன்னார்: "ரோட்ட பார்க்காம குறுக்க பாஞ்சுருச்சாமே தம்பி, பாவம்."

பார்த்தாயா? பஸ் ஸ்டாப் ரோடாகிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நீ பாயத் தொடங்கிவிட்டாய்.

நீயா?

ஹட்டன் டவுனில் ரோடு கடக்க வேண்டுமென்றால் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாய். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடியும் முதல் பக்கம் பார்ப்பாய். அதற்குள் இன்னொரு பஸ் வந்துவிடும். பஸ்ஸில் ஏறினால் கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் உட்காருவாய். மின்னல் அடித்தால் பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்கும் போய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வருவாய். நான் வேலைக்கு ஃபோன் டவர் ஏறும் நாளெல்லாம் கேட்பாய்: "பெல்ட்டு மாட்டினீங்களா மச்சான்? சும்மா சொல்லாதீங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க." பெல்ட்டுக் கொக்கியைப் படம் எடுத்து அனுப்பினால், "அது நேத்தைய படம். மேகம் வேற மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்புவாய். நாலாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு என் மேகத்தைப் பார்த்தவள் கண்முன்னால் வந்த வண்டியைப் பார்க்கவில்லையாம்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. யாரோ தேத்தண்ணி கொடுத்தால் குடித்தேன். யாரோ கூப்பிட்டால் போனேன்.

உன் பெட்டி வந்தது. கூடவே வந்த காகிதத்தில் தலைக்குள் இரத்தக் கசிவு என்று இருந்தது. அடிபட்டால்தானே தலையில் இரத்தம் கசியும் என்று லயம் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது.

அன்று அத்தை அழவில்லை, ரேணு. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். ஒப்பாரி வைக்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து உன்னைத் திட்டினார். "எத்தன தடவ சொன்னேன் ஒனக்கு? பார்த்துப் போ பார்த்துப் போனு எத்தன தடவ சொன்னேன்? காது கேக்கலையாடி?" என்று. மற்றப் பெண்கள் அவரைக் கட்டிப் பிடித்து அழ வைக்கப் பார்த்தார்கள். அவர் அவர்களை விலக்கிவிட்டுத் திட்டினார். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் அது நிற்கவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உன் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. சாயந்திரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை. சோறு போட்டுக் கொண்டு உட்காருவார், நாலு வாய்கூட இறங்காது, உன் பக்கம் திரும்பி, "போயிட்டேல்ல, கவனமில்லாம போயிட்டேல்ல" என்பார்.

செத்தவர்கள் மேல் கோபமாக இருப்பவர்களால் அழ முடியாது போலிருக்கிறது.

ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மேலே பாதையில் நின்று கேட்டேன். பக்கத்துக் காம்பிரா செல்லம்மா அக்காதான் தொடங்கினார்.

"ஃபோனுதான். வேற என்ன? மாப்பிள்ளைகிட்ட பேசிக்கிட்டே எறங்கியிருக்கும்."

"இங்க இருந்தப்ப ஆட்டோ வந்தாலே ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி நிக்கிற புள்ளக்கா அது."

"அது இங்க. அங்க போனா எல்லாம் மாறிரும்டி. காசப் பார்த்த கண்ணு ரோட்ட பார்க்குமா?"

அத்தையும் அங்கேதான் நின்றிருக்கிறார். குடம் பாதி நிறைந்ததும் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்க அந்நேரம் அவகிட்ட பேசினீங்களா மாப்ள? உள்ளதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பேசல அத்தை. அன்னைக்கு அவ கூப்பிடவேயில்ல." ஃபோனைத் திறந்து அழைப்புகளைக் காட்டினேன்.

"இதுல என்ன எழுதியிருக்குனு எனக்கு என்னய்யா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வேலைக்குப் போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். உனக்குத் தெரியும், நமக்கு யோசிக்கத் தெரிந்தது ஒரே விதத்தில்தான். ஒரு டவரில் சிக்னல் கெட்டு வந்தால், கெட்ட இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. எந்த டவரிலிருந்து எந்த டவருக்கு, அங்கிருந்து எங்கே என்று ஒவ்வொரு தாவலாகப் பின்னால் போக வேண்டும். எங்கேயோ ஓர் இடம் வரை சரியாக இருந்திருக்கும். அதற்கு அடுத்த தாவலில் கெட்டிருக்கும்.

பெரட்டுக்கு அத்தையிடமிருந்து வந்தது. அத்தைக்கு என்னிடமிருந்து. எனக்குப் பிரியந்தியிடமிருந்து. பிரியந்திக்கு ஃபோனிலிருந்து. ஃபோனுக்குத் தொய்னா அம்மாவிடமிருந்து. தொய்னா அம்மா உன்னைப் பார்த்தவர். அங்கே கெட்டிருக்க வாய்ப்பில்லை.

பிரியந்தியிடம் அந்தக் குரல் செய்தியையே கேட்டு வாங்கினேன். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பலமுறை கேட்டேன். அழுகைக்கு நடுவில் உன் பெயர் வருகிறது. "ரெனூ, ரெனூ" என்கிறார். அப்புறம் ஒரு சொல். இன்கொன்ஷ்டியென்ட்டா. அந்த இடத்தில்தான் பிரியந்தியின் ஃபோன் "கவனமில்லாமல்" என்று போட்டிருக்கிறது.

அகராதியில் தேடினேன். ரேணு, அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் மயங்கிக் கிடக்கிறவள். இரண்டாவது அர்த்தம்தான் முன்பின் யோசிக்காதவள், பொறுப்பில்லாதவள்.

ஒரே சொல். நம்பாமல் பக்கத்து மொழிகளிலும் தேடினேன். இத்தாலி மொழியில் அதே சொல், கொஞ்சம் வாய் மாறி, அதே இரண்டு அர்த்தம். பிரெஞ்சில் அப்படியே. ஸ்பானிஷில் அப்படியே. போர்த்துகீசிலும் அப்படியே. எல்லாம் ஒரு தாய்க்குப் பிறந்த மொழிகளாம். தன்னறிவு என்று ஒரு சொல், அதன் முன்னால் இல்லை என்று சொல்லும் ஓர் 'இன்'. மயங்கிக் கிடப்பவனுக்கும் தன்னறிவு இல்லை, தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பறப்பவனுக்கும் தன்னறிவு இல்லை. இரண்டு பேரையும் ஒரே பெயரில் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்பவருக்கு எது எது என்று தெரியும். அழுகிற குரலைக் கேட்டாலே தெரியும். ஃபோனுக்கு அழுகை கேட்கவில்லை.

இந்த மொழிகளை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது நீதான். போன புதிதில் பஸ் ஸ்டாப் பெஞ்சிலிருந்து கூப்பிட்டுச் சொல்வாயே: "இங்க பார்த்தவுடனே எல்லாரும் பூனா பூனாங்குறாங்க மச்சான். வணக்கமாம். நான் ரெண்டு நாளா காலுக்கடியில பூனையத் தேடுனேன்." அப்புறம் ஒரு நாள், "தண்ணிக்கு இங்க ஆப்பா. தாகமா இருந்தா அப்பாவக் கூப்பிட்டாப் போதும்." அப்புறம் ஒரு நாள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு, "மச்சான், அறைக்கு இங்க காமெராங்குறாங்க. நம்ம லயத்துக் காம்பிராதான். மேசைக்கு மாசா. நம்ம ஊரு சாமானெல்லாம் நமக்கு முன்னாடியே இங்க வந்து உட்கார்ந்திருக்கு."

காம்பிராவும் மேசையும் நமக்கு வந்த வழி எனக்கு இப்போதுதான் தெரிந்தது. போர்த்துகீசியர்கள் வந்தபோது விட்டுப் போனவை. ஜன்னலும் அவர்களுடையதுதான், சாவியும் அவர்களுடையதுதான். அந்த வீட்டுச் சொற்கள் இத்தனை நம் வீட்டுக்குள் இருக்கின்றன. இந்த ஒரு சொல் மட்டும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்து என்ன செய்ய, என்று நீ கேட்பாய்.

அகராதி போதவில்லை எனக்கு. அந்தப் பேச்சில் புழங்குகிற ஓர் ஆள் சொல்ல வேண்டும் என்று இருந்தது. மேல் லயத்து மாலினி அக்காவுக்கு அந்தக் குரல் செய்தியை அனுப்பினேன். அவர் இத்தாலியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டதே. ருமேனிய மொழி எனக்குத் தெரியாது தம்பி என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டார்.

"தம்பி, இது இங்க உள்ள சொல்லு மாதிரியேதான் இருக்கு. இங்க இன்கொஷென்ட்டேங்குறது. நான் பார்த்துக்குற அந்த அம்மா போன வருஷம் குளிக்கிற அறையில விழுந்து கெடந்தாங்க. ஆம்புலன்ஸ்காரன் வந்து பார்த்துட்டு ஃபோன்ல இந்தச் சொல்லத்தான் சொன்னான்."

"திட்டுறதுக்கும் சொல்வாங்களாக்கா?"

"ஐயோ, அதுவும் இதேதான். அந்த அம்மாவோட மருமகன் ஒருத்தன் இருக்கான், மோட்டார் சைக்கிள்ல வருவான். ஹெல்மெட்டு கைல மாட்டியிருப்பான், தலையில இருக்காது. அவன் வாசல்ல வந்து நின்னதுமே இந்தம்மா உள்ளேர்ந்து கத்தும், இன்கொஷென்ட்டேனு. அவன் சிரிச்சிக்கிட்டே வந்து முத்தம் குடுப்பான். ஆனா தம்பி, அழுதுகிட்டு சொன்னா அது திட்டு இல்ல. அது மயக்கம்தான். ரேணு மயங்கி விழுந்திருக்குய்யா."

அவரும் அழுதார். நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பிரியந்தி மேல் கோபப்படாதே, என்ன? அவள் அந்த இரவு அந்தச் சொல்லை எப்படிப் பார்த்திருப்பாள் என்று யோசித்துப் பார். அறையில் உன் கட்டில் காலி. கையில் ஒரு ஃபோன். அது என்ன சொன்னதோ அதைத்தான் அவளால் எனக்குத் தர முடிந்தது. நான் விஷயத்தைச் சொன்னபோது, "நான் நங்கியைத் தப்பாகச் சொல்லிவிட்டேனா அய்யே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை, நீதான் அவளைப் பற்றிச் சொல்ல முதலில் கூப்பிட்டவள் என்றேன்.

இன்னும் ஒரு தாவல் மிச்சமிருந்தது. தொய்னா அம்மா. அவருக்கு எழுதும்போது அந்தச் சொல்லின் பக்கமே போகவில்லை. இரண்டு அர்த்தம் வர முடியாத சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டேன். நின்றாளா, உட்கார்ந்திருந்தாளா? வண்டி ஏதாவது இடித்ததா? கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? கை எங்கே இருந்தது? நான்காவது கேள்வியை ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் குரலிலேயே வந்தது, மெதுவாக, நான் மொழிபெயர்க்கத் தோதாக ஒவ்வொரு வாக்கியமாக.

வண்டி எதுவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பனி விழுந்துகொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. களைப்பில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். பஸ் வருகிறது என்று தோளைத் தொட்டேன். ஒரு கையில் பையின் வார் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது, அதை அவிழ்க்க ஆம்புலன்ஸ்காரர்கள் கஷ்டப்பட்டார்கள். இன்னொரு கை பைக்குள் இருந்தது.

இரண்டு சுற்று.

அதற்கு மேல் எனக்கு எந்த மொழியிலும் சாட்சி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள், அத்தையிடம் சொல்ல உட்கார்ந்தேன். அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கே தொடங்குவது? அகராதி, இத்தாலி, போர்த்துகீசு எல்லாம் அவருக்கு எதற்கு? நேரே சொன்னேன்.

"அத்தை, ரேணு கவனமில்லாம போகல. அந்தச் சொல்ல நம்ம தப்பா எடுத்துக்கிட்டோம். அவ நினைவில்லாமத்தான் இருந்திருக்கா."

அத்தையின் கை நின்றது. "நினைவில்லாமயா?"

"ஆமா அத்தை."

"எங்க நினைவு இல்லாமயா? பெத்தவ நினைவு, கட்டினவன் நினைவு, ஒண்ணுமே இல்லாமயா போயிட்டா?"

பார், ரேணு. ருமேனியாவிலிருந்து இத்தாலி வழியாக அந்தச் சொல்லை இழுத்து வந்து, நம் வீட்டு வாசலில் அதே குழியில் நானே விழுந்தேன். நமக்கும் அப்படித்தான் இருக்கிறது. நினைவு என்றால் உயிர் விழித்திருப்பதும் நினைவு, ஒருவரை நெஞ்சில் வைத்திருப்பதும் நினைவு. நினைவு தப்பினவளுக்குள் நாம் இருந்தோமா என்று ஒரு தாய் கேட்டால் எந்த அகராதியில் பார்ப்பது?

"இல்ல அத்தை, மயக்கம். மயங்கிட்டா. தலைக்குள்ள ஒரு நரம்பு தானா வெடிச்சிருச்சு. யாரும் இடிக்கல, எதுவும் முட்டல. பெஞ்சுல உட்கார்ந்தபடியே மயங்கிட்டா. தூங்குறானு நெனச்சுத்தான் அந்தம்மா எழுப்பியிருக்காங்க."

"ரோட்டுல இல்லயா?"

"ரோட்டுலயே இல்ல."

"உட்கார்ந்தா இருந்தா?"

"உட்கார்ந்துதான் இருந்தா. பை வார் கையில ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சாம். அவுக்கவே முடியலயாம்."

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தார், வார் சுற்றுகிற மாதிரி. "நாந்தான்யா பழக்கினேன்" என்றார். "சின்னதுல ஹட்டன் தேருக்குக் கூட்டிக்கிட்டுப் போறப்ப எம்முந்தானைய அவ கையில ரெண்டு சுத்து சுத்தி விடுவேன். கூட்டத்துல தொலைஞ்சிரக் கூடாதுனு."

எனக்கு அது தெரியாது. நீ சொன்னதில்லை. உனக்கே தெரியுமோ என்னவோ.

"அப்ப மத்த கை?" என்று கேட்டார்.

"பைக்குள்ள இருந்துச்சாம்."

"பைக்குள்ள என்ன இருக்கும்?"

"ஃபோன் இருக்கும். பஸ்ஸுக்கு ஒரு கார்டு இருக்கும். கையுறை..."

"ஃபோனத்தான் தேடியிருப்பா" என்றார் அத்தை. "உட்கார்ந்ததும் நம்மளத்தானே கூப்பிடுவா. அதுக்குத்தான் கையவிட்டிருப்பா. நினைவில்லாம எல்லாம் போகல எம்புள்ள."

பஸ் கார்டாகவும் இருக்கலாம். பஸ் வருகிற நேரம். உண்மையில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று என் தலைக்குள் ஒருவன் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லியிருப்பாயா?

அத்தை எழுந்து குடத்தை எடுத்தார். வீட்டில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். நான் பாதையில் நின்றேன்.

"செல்லம்மா, கேட்டுக்க. எம்மக ரோட்டுல பாயல. ஃபோனும் பேசல. உட்கார்ந்த எடத்துல மயங்கிருச்சு. வியாதி. அந்த ஊரு சொல்ல நம்ம ஆளுக தப்பா மாத்திப்புட்டாங்க."

செல்லம்மா அக்கா அத்தையின் கையிலிருந்து குடத்தை வாங்கித் தண்ணீருக்கடியில் வைத்தார். "நானும் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தேனா" என்றார். குடம் நிறைந்ததும் அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்று சாயந்திரம் அத்தை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மெதுவாகத் தொடங்கி, குரல் ஏறி, ஒப்பாரி வைத்தார். செல்லம்மா அக்கா வந்து தோளைக் கட்டிக்கொண்டார். மற்றப் பெண்களும் வந்தார்கள். பெட்டி வந்த நாளில் நடந்திருக்க வேண்டியது அன்றுதான் நடந்தது. "திட்டிட்டேனே சாமி, எம்புள்ளய திட்டிட்டேனே" என்று ஒரு வரி வந்தபோது நான் எழுந்து வெளியே போனேன். அத்தை அதன் பிறகு சாப்பிடுகிறார். கொஞ்சம்தான், ஆனாலும் சாப்பிடுகிறார்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, ரேணு. நடக்கிறேன், வேலை செய்கிறேன், கேட்டால் பதில் சொல்கிறேன். பொழுது சாய்ந்ததும், நீ கூப்பிடும் நேரத்துக்கு, கால் தானாக ஜன்னல் மூலைக்குப் போகிறது. இப்படி நடமாடிக்கொண்டே நினைவில்லாமல் இருப்பவனுக்கு அந்த மொழிகளில் ஏதாவது சொல் இருக்கிறதா? நீ இருந்தால் தொய்னா அம்மாவிடம் கேட்டுச் சொல்லியிருப்பாய்.

அட்டைக்கு என்ன வரி போடுவது என்று நானா மறுபடியும் கேட்டார். "உன் நினைவில் வாடும்" என்று எல்லோருக்கும் போடுகிற வரி தயாராக வைத்திருந்தார். அது இருக்கட்டும், அதற்கு மேலே ஒரு வரி போடுங்கள் என்றேன்: பணி முடிந்து வீடு திரும்பும் வழியில் மயக்கமுற்றுக் காலமானார். "இதெல்லாம் அட்டையில போடுறதில்லையே தம்பி" என்றார். போடுங்க நானா என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டார்.

நாளைக்கு உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு டவர். உன்னை அடக்கம் செய்த பிறகு நான் ஏறப்போகும் முதல் டவர். அந்தச் சொல்லின் இரண்டாவது அர்த்தம் நம் இருவரில் யாருக்குப் பொருந்தும் என்று உனக்குத் தெரியும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வரும் அந்த மருமகனும் நானும் ஒரே சாதி. உனக்கு வாக்குத் தருகிறேன்: இரண்டு கொக்கியையும் மாட்டிவிட்டுத்தான் ஏறுவேன். படம் கேட்க ஆள் இல்லை என்பதற்காக மாட்டாமல் இருக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் புது மேகத்தின் கீழே நின்று மாட்டுவேன். அத்தையிடம் ஒரு நாளும் பஸ் கார்டைப் பற்றிப் பேச மாட்டேன்; இதைப் படிக்கிற லயத்து ஆட்களும் பேச வேண்டாம்.

நீ கூப்பிடும் நேரம் இப்போதுதான் வந்து போனது. ஜன்னல் பலகையில் இத்தனை நாளும் இரவும் பகலும் விழித்தே கிடந்த ஃபோனை எடுத்து அணைத்து வைத்துவிட்டேன்.

சட்டையின் பின்னால் இன்னும் உன் கை பிடித்த சுருக்கத்தோடு,
உன் மச்சான்